ஃப்ளோட் டியூபில் நானே செய்து மாட்டியவை: ஏழு வார இறுதிகளும் ஒரு மதியமும்

ஒரு கை பம்பு, ஒரு ஜோடி கால்துடுப்பு, ஒரு தூண்டில். ஃப்ளோட் டியூப் வாங்கிய முதல் வருடம் என்னிடம் இருந்தது இவ்வளவுதான். நன்றாகவே மீன் பிடித்தேன். இரண்டாம் வருடம்தான் கை சும்மா இருக்கவில்லை. தூண்டில் தாங்கி, மீன் தேடும் கருவிக்கு ஒரு தாங்கி, நங்கூரம் என்று ஒவ்வொன்றாக வீட்டிலேயே செய்து மாட்டினேன். ஏழு வார இறுதிகள் போயின. வாங்கிய பொருட்களின் செலவைக் கூட்டிப் பார்த்தால் டியூபின் விலையில் பாதியைத் தாண்டியிருந்தது. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிய முதல் நாளே, ஆளில்லாத ஏரியின் நடுவில், ஒரு பக்கம் காற்று இறங்கிக்கொண்டிருந்த டியூபில் தனியாகச் சிக்கிக்கொண்டேன். அன்றைக்கு மிகவும் பயந்துபோனேன். செய்து முடித்த டியூப்களின் படங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எது உடைந்தது, எது கழன்று விழுந்தது, எது அவசரத்தில் கழலாமல் கழுத்தறுத்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன்.

இதைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ளோட் டியூப் என்பது ஒரே ஓர் ஆள் உட்காரும் காற்று மிதவை. முன்பெல்லாம் லாரி டயரின் உள் டியூபுக்குத் துணி உறை தைத்து, நடுவில் ஓர் இருக்கை வைத்திருப்பார்கள். இப்போது முன்பக்கம் திறந்த ‘ப’ வடிவத்திலோ கூர்மையான பின்முனையோடோ வருகிறது. வெளியே கெட்டியான நைலான் அல்லது பாலியஸ்டர் உறை, அதற்குள் இடமும் வலமும் தனித்தனிக் காற்றுப்பை, முதுகுக்கு இன்னொரு காற்றுப்பை. இடுப்புவரை வெளியே, கால் இரண்டும் தண்ணீருக்குள். கால்துடுப்பை அசைத்தால் பின்னோக்கி நகரும். கை இரண்டும் தூண்டிலுக்கு. மடிமேல் ஒரு வலைத்துணி விரிந்திருக்கும், மிதவையின் இரண்டு பக்கங்களும் உள்ளே மடங்காமல் இருக்க முன்னால் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும். இவ்வளவுதான் டியூப். எடை குறைவு, முதுகில் மாட்டிக்கொண்டு நடந்துபோய் இறங்கலாம் என்பதே இதன் பெருமை. நான் செய்த ஒவ்வொரு வேலையும் இந்தப் பெருமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்தது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் தூண்டில் தாங்கி. 40 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, வாய்ப்பக்கம் ரீலின் கால் உட்காரப் பிளவு போட்டால் போதும் என்று நினைத்தேன். பிளவை அகலப்படுத்த குழாயை அடுப்புத் தீயில் காட்டினேன். ஒரு பக்கம் கருகி, தொண்டையைப் பிடிக்கும் புகை வந்தது. பி.வி.சி. எரிந்தால் வருவது நச்சு வாயு. வீட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. அது ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் குழாயின் முனையைச் சில நிமிடங்கள் முக்கி, கெட்டியான கையுறை போட்டுக்கொண்டு ஒரு பாட்டிலின் கழுத்தை உள்ளே அழுத்தினால் அழகாக விரிந்துகொடுக்கும். அப்படியே பச்சைத் தண்ணீரில் முக்கினால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான்கு குழாய்த் துண்டுகளை வீணாக்கியிருந்தேன்.

குழாயை டியூபில் எதன்மேல் நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகையை அடித்தட்டாக எடுத்தேன். இதற்கு அது மிகப் பொருத்தமான பொருள். தண்ணீரில் ஊறாது, சாதாரண ரம்பத்தாலேயே அறுபடும். ஆனால் அதில் குழாயைப் பசை போட்டு ஒட்டினேன், அங்கேதான் தவறு. பி.வி.சி. குழாய்களை இணைக்கும் சால்வென்ட் சிமென்ட், இரண்டு கலவை எபாக்ஸி, உடனடிப் பசை என மூன்றையும் போட்டுப் பார்த்தேன். காய்ந்த பிறகு பாறை மாதிரி இருக்கும். ஒரு தட்டு தட்டினால் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். அந்தப் பலகை பாலிஎதிலீன். அதன் பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, எத்தனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் அப்படித்தான். கையில் இருக்கும் பிளாஸ்டிக் என்னவென்று தெரியாவிட்டால் ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். மிதந்தால் பசையை மறந்துவிட்டு போல்ட் போடுங்கள். எபாக்ஸி நிற்கிறது என்று நம்பி நான் ஏரிக்குக் கொண்டுபோன அன்று, ஓரளவு பெரிய மீன் ஒன்று இழுத்த இழுப்பில் தாங்கியோடு சேர்ந்து தூண்டிலும் ரீலும் தண்ணீருக்குள் போயின. அந்த ரீல் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மணி நேரம் கொக்கி போட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து டியூபில் இருக்கும் ஒவ்வொரு தூண்டிலுக்கும் ஒரு மெல்லிய கயிறு உண்டு, அதன் மறுமுனை டியூபின் வளையத்தில் இருக்கும். தூண்டில், கைவலை, இடுக்கி, பம்பு எதுவானாலும் ஒன்று மிதக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

சரி, போல்ட் போட்டேன். அடித்தட்டை டியூபின் பக்கவாட்டில் இருந்த இரும்பு வளையங்களோடு கேபிள் டை எனும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை கொண்டு இறுக்கினேன். மலிவு, வேகம், இறுக்கம். மீந்த வாலைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மீன் தேடும் கருவிக்குத்தான் அதிகப் பாடுபட்டேன். திரையை வைக்க மடிக்கு இடப்பக்கம் ஒரு குழாய்த்தூண் நட்டேன். டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலி அனுப்பும் உருளையை, ஒரு எல்போ வைத்த குழாயின் நுனியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். முதல் நாள் திரையில் மேலிருந்து ஒன்றரை அடி ஆழத்தில் இரண்டு பெரிய மீன்கள் விடாமல் கூடவே வந்தன. அரை மணி நேரம் அவற்றுக்குத் தூண்டில் போட்ட பிறகுதான் அவை என் கால்துடுப்புகள் என்று தெரிந்தது. இந்த ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும். பொதுவாக வருகிற 20 டிகிரிக் கூம்பு என்றால், தரையில் அது பார்க்கும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. 6 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் வட்டம். அந்தக் கூம்புக்குள் கால் வரக்கூடாது. கால் கிளப்பும் காற்றுக்குமிழியும் வரக்கூடாது. அதனால் உருளையை டியூபின் வெளிப்பக்கத்தில், தொடைக்கு நேராக வைப்பது நல்லது. முன்னால் வைத்தால் கால், பின்னால் வைத்தால் கரையேறும்போது தரையில் இடிக்கும். குழாயை மேலே மடித்துக்கொள்ளும்படி ஒரே ஒரு போல்ட்டில், கையாலேயே திருகும் சிறகுநட்டு போட்டு நிறுத்துங்கள். நான் அசையாமல் நிறுத்தியிருந்தேன். கரையோரக் கல்லில் தட்டி இரண்டாம் வாரமே எல்போ உடைந்தது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட மூடிய ஈய பேட்டரி. என் கருவி இழுப்பது அரை ஆம்பியருக்குள். கணக்குப்படி 14 மணி நேரம் வர வேண்டும், ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் 7 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். அது போதும். பிரச்சினை எடையில். பேட்டரி மட்டும் 2 கிலோவுக்கு மேல், காற்றுப்புகாத டப்பாவோடு சேர்த்தால் 3 கிலோவை நெருங்கும். திரை இடப்பக்கம் இருந்ததால் வயர் குட்டையாக இருக்கட்டும் என்று பேட்டரியையும் இடப்பக்கப் பையில் வைத்தேன். வயரில் ஃபியூஸ் போடவில்லை. ஈரக்கையோடு முனைகளை மாட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, ஒரு நொடியில் வயரின் உறை உருகி விரலில் கொப்புளம் வந்தது. உருகின வயர் காற்றுப்பைமேல் விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே, கருவியின் கையேடு சொல்லும் அளவில் ஒரு ஃபியூஸ் போடுங்கள். நான் இழந்த மற்றவற்றோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

கடைசியாக நங்கூரம். 2 கிலோ மடக்கு நங்கூரம், 20 மீட்டர் கயிறு. இடது இடுப்புக்குப் பின்னால் ஒரு சிறு கப்பியும், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல்லுள்ள பூட்டும் போட்டேன். வீட்டு முற்றத்தில் டியூபில் உட்கார்ந்து பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. முற்றத்தில் கயிறு காய்ந்திருந்தது, காற்று இல்லை, நான் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. இந்த மூன்றையும் அன்று யோசிக்கவில்லை.

எல்லாம் மாட்டிய டியூபோடு அந்த நாள் வந்தது. காலையில் கரையில் வைத்துக் காற்றடித்து, வழக்கம்போலக் கல்மாதிரி ஆக்கினேன். தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் தொளதொளத்தது. ஓட்டையோ என்று பயந்து மறுபடி அடித்தேன். அது ஓட்டையல்ல, குளிர்ச்சி. வெயிலில் 40 டிகிரியில் அடைத்த காற்று 22 டிகிரித் தண்ணீரில் சுருங்கும். என் டியூப் கேட்பது சுமார் 1.5 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இந்த வித்தியாசம் பாதிக்கு மேல் தின்றுவிடும். தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அதன் பிறகு நிரப்புவதுதான் சரியான முறை. அதுவரை நான் செய்தது சரிதான். பத்து மணிக்குமேல் மீன் கடிப்பது நின்றதால் கரையேறி, டியூபை வெயிலிலேயே போட்டுவிட்டு நிழலில் படுத்துத் தூங்கினேன். தண்ணீரில் வைத்து முழுதாக நிரப்பிய டியூப் கறுப்புத் துணி உறையோடு இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தது. தோராயமாகக் கணக்குப் போட்டால், உள்ளே 30 டிகிரி ஏறினாலே அழுத்தம் இரண்டு மடங்கு ஆகும். விரியவும் முடியாமல் உறை பிடித்துக்கொள்ளும்போது, காற்றுப்பை எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே முட்டும். கேபிள் டையின் நறுக்கிய வால் கத்தி முனை மாதிரி இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், கீறும். அது உறைத்துணியில் ஏற்கெனவே பல வாரங்களாக உரசி நூலைத் தேய்த்திருந்தது. அந்த மதியம் காற்றுப்பை உள்ளிருந்து அதன்மேல் போய் அழுந்தியது. கரையேறினால் முதல் வேலையாக வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும்.

மதியம் திரும்ப இறங்கும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நடு ஏரிக்குப் போய் நங்கூரத்தை இறக்கினேன். ஒரு மணி நேரத்தில் காற்று எழுந்தது. டியூப் தண்ணீரில் மிகக் குறைவாகவே அமிழும், மீதி எல்லாம் காற்றுக்குப் பாய் மாதிரி. அதன்மேல் நான் நட்டிருந்த தூண்கள், திரை, இரண்டு தூண்டில்கள் வேறு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நங்கூரக் கயிறு இடது இடுப்பில் கட்டியிருந்ததால் டியூப் காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது, ஒவ்வோர் அலைக்கும் இடப்பக்கம் கீழே இழுபட்டது. அதே பக்கத்தில் 3 கிலோ பேட்டரி டப்பா. அதே பக்கத்தில் அந்தக் கேபிள் டை. அலை மடிமேல் ஏறியபோதுதான் இடது கையை ஊன்றினேன். கை டியூபுக்குள் அமிழ்ந்தது. அந்த நொடி வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

நங்கூரத்தை விடுவிக்கக் கையைப் பின்னால் நீட்டினேன். லைஃப் ஜாக்கெட் தடிமனால் தோள் அவ்வளவு தூரம் திரும்பவில்லை. விரல் நுனிக்குப் பூட்டு எட்டியது, ஆனால் இழுவையில் இறுகியிருந்த ஈரக்கயிறு பற்களிலிருந்து வரவில்லை. அந்த மாதிரிப் பூட்டில் கயிற்றைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் எதிர்ப்பக்கம் இழுத்துத் தளர்த்த வேண்டும். காற்று இழுக்கும்போது ஒற்றைக்கையால் அது நடக்காத காரியம். கத்தி இருந்தது, வலப்பக்கப் பையில், ஜிப்புக்குள், அதன்மேல் மடித்துணி, அதன்மேல் நான் பெருமையோடு மாட்டியிருந்த பொருள் தட்டு. தட்டைக் கழற்ற இரண்டு சிறகுநட்டு திருக வேண்டும். நடுங்கும் கையால் ஒன்றைத் திருகி முடிக்கவே ஒரு யுகம் ஆன மாதிரி இருந்தது. கடைசியில் தட்டை வளைத்து உடைத்துக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். நங்கூரமும் கயிறும் இன்னும் அந்த ஏரியின் அடியில்தான் கிடக்கின்றன.

அறுத்த பிறகும் புத்தி வேலை செய்யவில்லை. வண்டி நிற்கும் கரை காற்றுக்கு எதிர்த்திசையில் இருந்தது. அதை நோக்கியே நாற்பது நிமிடம் காலை உதைத்தேன். கரையில் இருந்த ஒரு மரத்தைக் குறி வைத்திருந்தேன். அது நகரவே இல்லை. பிறகு வலது கெண்டைக்கால் சுருட்டி இழுத்துக்கொண்டது. வலியில் கத்தினேன், கேட்க ஆளில்லை. அப்போதுதான் உதைப்பதை நிறுத்தினேன். காற்று என்னை அதன் போக்கில் எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. முதுகுக் காற்றுப்பையும் வலப்பக்கமும் கெட்டியாக இருந்ததால் மூழ்கவில்லை, இடப்பக்கம் மட்டும் வரவர வாழைப்பழத்தோல் மாதிரி தொங்கியது. வலப்பக்கமாகச் சாய்ந்து, பேட்டரி டப்பாவை மடிக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான். காற்றை எதிர்த்து உதைப்பதைவிடக் காற்றோடு போய் எந்தக் கரையானாலும் ஏறி நடந்து வருவதே மேல். கிளம்பும்போதும் இதே கணக்கு உதவும்: போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். நான் அன்று தலைகீழாகச் செய்திருந்தேன்.

எதிர்க்கரை கோரைப்புல்லும் முழங்கால் சேறும். ஏறியாயிற்று என்ற நிம்மதியில் கொஞ்ச நேரம் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. பிறகு டியூபை முதுகில் மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி நடக்கப் பார்த்தால், தூண்கள் எல்லாம் போல்ட்டும் கேபிள் டையுமாக இறுகியிருந்தன. கழற்றும் ஸ்பேனர் வண்டியில். அவ்வளவையும் அப்படியே தூக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடந்தேன். புதரில் மாட்டித் திரையின் வயர் அறுந்தது, ஒரு தாங்கி உடைந்தது. இருட்டிய பிறகுதான் வண்டிக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு வாரம் டியூபைத் தொடவே மனம் வரவில்லை. பிறகு உறையின் ஜிப்பைத் திறந்து காற்றுப்பையை வெளியே எடுத்தேன். இதில் ஓர் எச்சரிக்கை: உள்ளே காற்று இருக்கும்போது ஜிப்பைத் திறக்காதீர்கள். திறந்த இடத்தில் பை பிதுங்கி வெடிக்கும். காற்றை முழுதாக இறக்கி, பையை வெளியே எடுத்து, பிறகு லேசாக மட்டும் ஊதி, சோப்பு நுரையைத் தடவினால் ஓட்டை தன்னைத்தானே காட்டிவிடும். குண்டூசித் தலை அளவுகூட இல்லை. அதை உடனடிப் பசையால் அடைத்தேன். மடக்கி வைத்த மறுநாளே விரிசல் விட்டது. அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மடங்கும் பொருளில் நிற்காது. காற்றுப்பை பி.வி.சி.யா யூரித்தேனா என்று கையேட்டில் பார்த்து, அதே வகைத் துண்டும் அதற்கான பசையும் வாங்க வேண்டும். சைக்கிள் டியூப் ஒட்டு ரப்பருக்கானது, இரண்டிலும் நம்பத்தக்கதல்ல. ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு விரற்கடை வரும்படி வட்டமாகத் துண்டை வெட்டி, ஒட்டி, எடை வைத்து ஒரு நாள் முழுக்க விட்டேன். மூலை உள்ள துண்டு அந்த மூலையிலிருந்து உரியத் தொடங்கும் என்பதால்தான் வட்டம். பிறகு ஓர் இரவு முழுக்கக் காற்றோடு நிழலில் வைத்துப் பார்த்தேன். நின்றது.

பிறகு எல்லாவற்றையும் பிரித்தேன். ஒரு கேபிள் டைகூட மிச்சம் வைக்கவில்லை. அவற்றின் இடத்தில் இப்போது நைலான் நாடாவும் பிளாஸ்டிக் பக்கிளும்தான். நாடாவை வெட்டிய முனையைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட்டால் நூல் பிரியாது. தவிர்க்க முடியாமல் போல்ட் வரும் இடத்தில் தொப்பி போட்ட நட்டு, தலைப்பக்கம் டியூபைப் பார்த்து, நட்டுப்பக்கம் வெளியே பார்த்து, நடுவில் ஒரு மடிப்பு ஈவா ஃபோம். அறுத்த குழாயின் விளிம்பு, பலகையின் மூலை எல்லாவற்றையும் அரம் போட்டு உருட்டி, கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். கன்னத்தைக் கீறாதது துணியையும் கீறாது. உறையில் தையல் போட வேண்டுமானால் காற்றுப்பையை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும், ஒரே ஒரு தையல் என்றாலும்.

தாங்கிகளைத் தனித்தனியாக மாட்டாமல் ஒரே சட்டமாக ஆக்கினேன். பி.வி.சி. குழாயால் ஒரு நீள்சதுரம், முன் குறுக்குக் கம்பியின்மேல் உட்காரும், இரண்டு பக்கிள் திறந்தால் மொத்தமாகக் கையோடு வரும். எல்லா முனைகளையும் மூடி ஒட்டியதால் சட்டம் தானே மிதக்கும். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு மீட்டர்க் குழாய்க்குள் ஏறத்தாழ 2 லிட்டர் காற்று இருக்கும், ஒரு லிட்டர் காற்று ஒரு கிலோவைத் தாங்கும். குழாயின் எடையைக் கழித்தாலும் மிச்சம் உண்டு. போல்ட் துளை போடும் இடத்தில் மட்டும் தண்ணீர் புகும், அதனால் அந்தத் துண்டுக்குள் முன்கூட்டியே ஃபோம் திணித்துவிடுங்கள். தாங்கிகளின் உயரத்தைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டு தூண்டிலுக்கு மேல் எடுத்துப் போவதில்லை.

பேட்டரியை மாற்றினேன். அதே திறனுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சுமார் ஒரு கிலோதான். விலை அதிகம், எனக்கு இதில்தான் மறுபடி நிறைய செலவானது. ஆனால் அது முதுகுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறது, வயர் நீளமாக இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. எடை எப்போதும் நடுவில், தாழ்வாக. ஒரு பக்கம் வைத்தே ஆக வேண்டுமென்றால் மறுபக்கம் தண்ணீர் பாட்டிலாவது வையுங்கள்.

நங்கூரத்தை விட்டுவிட்டேன். ஓடும் தண்ணீரில் ஃப்ளோட் டியூபே கூடாது, அதில் நங்கூரம் என்பது உயிரோடு விளையாடுவது. நின்ற தண்ணீரிலும் எனக்கு இப்போது தேவைப்படுவதில்லை. பதிலாகப் பழைய குடைத்துணியில் ஒரு கூம்புப்பை தைத்தேன். அகன்ற வாய், கீழே சின்ன ஓட்டை, வாயில் நான்கு கயிறு. தண்ணீரில் விட்டால் பை விரிந்து டியூபின் நகர்வைப் பிடித்து நிறுத்தும், காற்று தள்ளும் வேகம் நன்றாகக் குறைகிறது. முழுதாக நிற்காது, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். மீன் பிடிக்க அது இன்னும் நல்லது. நங்கூரம்தான் வேண்டும் என்பவர்கள் கயிற்றைப் பக்கவாட்டில் கட்டாமல் டியூபின் நடுக்கோட்டில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஒரு முனையை இழுத்தால் பட்டென்று அவிழும் உருவுமுடிச்சில் கட்டுங்கள். பல்லுள்ள பூட்டு வேண்டாம். கயிற்றின் முனையில் ஒரு தக்கையைக் கட்டிவிட்டால், விட்டுவிட்டு வந்த நங்கூரத்தைப் பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம். கத்தி லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப்பக்கத்தில், உறையோடு, விசில் அதன் பக்கத்தில்.

கைவலையை ரப்பர் கயிற்றில் கட்டுவதும் வேண்டாம். அது செடியில் மாட்டி இழுபட்டு விடுபட்டால் நேராக முகத்துக்குத்தான் வரும். எனக்குப் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. சாதாரணக் கயிறும் ஒரு காந்தப் பூட்டும் போதும். கெளுத்தி மாதிரி முள்ளுள்ள மீன் கிடைத்தால் டியூபின்மேல் சாய்த்து வைத்துக் கொக்கியைக் கழற்றாதீர்கள். மடித்துணியின் மேல் ஒரு மெல்லிய பலகையோ தடித்த ஃபோமோ விரித்து, அதில் மீன் அளக்கும் கோடுகளையும் போட்டுக்கொண்டால் அளவுகோலும் ஆயிற்று, காற்றுப்பைக்குக் கவசமும் ஆயிற்று. நான் செய்தவற்றில் மிகச் சுலபமானது இதுதான், மிக அதிகமாகப் பயன்படுவதும் இதுதான்.

புதிதாக எதை மாட்டினாலும் இப்போது முற்றத்தில் சோதிப்பதில்லை. இடுப்பளவு தண்ணீரில், கூட ஓர் ஆள் கரையில் நிற்க, லைஃப் ஜாக்கெட், கால்துடுப்பு எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு கத்தியை எடுக்கிறேன். அடுத்து ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் மட்டும் சட்டத்தைக் கழற்றி, மடித்துணியைத் திறந்து, இருக்கைப் பக்கிளை விடுவித்து வெளியே வருகிறேன். பிறகு ஒரு பக்கத்து வால்வைத் திறந்து காற்றைப் பாதி இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்து பார்க்கிறேன். எந்தப் பக்கம் சாய்கிறது, எதைத் தூக்கி எங்கே வைத்தால் நிமிர்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். முதல் தடவை வெளியே வர எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. இருக்கைப் பக்கிள் சட்டத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. சட்டத்தை நான்கு விரற்கடை முன்னால் தள்ளிய பிறகு பத்து எண்ணுவதற்குள் வர முடிகிறது.

போன வாரம் மறுபடி அதே ஏரிக்குப் போனேன். காற்று எழுந்ததும் கூம்புப்பையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன், அன்று காற்று என் கரையை நோக்கித்தான் வீசியது. கரையேறியதும் மூன்று வால்வுகளையும் ஒரு மூச்சு திறந்து மூடிவிட்டு, டியூபைத் தூக்கி நிழலில் வைத்தேன். இடப்பக்க ஒட்டு இருக்கும் இடத்தில் உறைக்கு வெளியே சிவப்பு நூலால் ஒரு வட்டம் தைத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை காற்றடிக்கும்போதும் முதலில் கை போவது அங்கேதான்.